மாப்பிள்ளை பிடித்த இடம்

நீராவி எஞ்சின் எந்த வளைவில் எவ்வளவு புகை விடும் என்று அதை ஓட்டுகிறவருக்கே பாடம் எடுக்கக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் என் மாப்பிள்ளைதான். ஒருமுறை அவர் ஓரிடத்தைக் காட்டி "இங்கே" என்றதும், ரயில் அங்கே வந்து நின்று, தலை வாரி, பவுடர் பூசி, படத்துக்கு முகம் காட்டிவிட்டுப் போனது. சரி, பவுடர் நான் பூசியது. ரயில் நிற்கவும் இல்லை. ஆனால் இடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதில் நான் எதையும் கூட்டவில்லை. அதுதான் வினையாகவும் போயிற்று.

என் ஒரே மகளைக் கட்டியவர் அவர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கை வைத்தது தெரியும், எடுத்தது தெரியாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியே பழகிவிட்ட உடம்பு. சொந்த வண்டியை மட்டும் சைக்கிள்காரர்கள் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டுவார். ஹாரன் அடிக்க மாட்டார். யார் மேலும் கோபம் வராது, ஒரே ஒரு ஜாதியைத் தவிர: வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காணாமல் போகிறவர்கள். "அவனுக்கு நெஞ்சு வலிச்சாதான் புத்தி வரும்" என்று முணுமுணுப்பார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மகள் பேச்சை மாற்றுவாள்.

ரயிலை ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பின்னால் படுத்திருப்பவரை ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாதாம், சாலையைத்தான் பார்க்க வேண்டுமாம். பாதி வழியில் பின்னால் சத்தம் அடங்கிப்போகும், அப்போதும் சாலையைத்தான் பார்க்க வேண்டுமாம். "ரயில் முழுசா வருது அத்தை. முழுசா போகுது" என்றார். 

அருங்காட்சியகத்தில் பல காலம் படுத்திருந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்றைச் சரிபண்ணி, வேறொரு நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அதுவும் எங்கள் ஊர்த் தடம் வழியாக, ஒரே ஒருமுறை என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் மாப்பிள்ளை வீடு தங்கவில்லை. இடம் பார்ப்பது என்றால் போய் நின்று பார்ப்பது இல்லை. வெயில் எஞ்சினின் எந்தக் கன்னத்தில் விழும், மின்கம்பம் குறுக்கே வருமா, காற்று புகையை நம் பக்கம் தள்ளுமா என்று ஆயிரம் கணக்கு. சமதரையில் எஞ்சின் சும்மா உருண்டு போகும், புகை இருக்காது. மேடு ஏறும்போதுதான் மூச்சு வாங்கிப் புகை கக்கும். அதனால் மேடு வேண்டும், மேட்டில் வளைவு வேண்டும், வளைவுக்கு உள்பக்கம் நிற்க உயரமான இடம் வேண்டும்.

ரயில் இல்லாத நேரத்தில் ரயிலாக நிற்க ஒரு ஆளும் வேண்டும். மகள் வேலைக்குப் போய்விடுவாள். மிஞ்சியது நான். ஒட்டடைக் கம்பைப் புகைபோக்கி உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

"நிமிர்த்திப் பிடிங்க அத்தை. எஞ்சின் கூன் போடாது."

"எஞ்சினுக்கு முழங்கால் வலியும் கிடையாது மாப்பிள்ளை."

தூரத்திலிருந்து தெரியட்டும் என்று கம்பின் நுனியில் சிவப்புத் துணி கட்டியது என் யோசனை. அந்த வழியாக வந்த சரக்கு ரயில் கிரீச்சிட்டு வேகம் குறைத்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, நான் படித்த எந்த அகராதியிலும் இல்லாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நீலத் துணி.

கடைசியில் சிக்கிய இடம் ஒரு குழாய் ரிப்பேர்காரர் வீட்டுப் பின்சுவர். மேட்டுச் சந்தின் கடைக்கோடி வீடு. சந்தில் ஒரு பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர், மறுபக்கம் வரிசையாக வீட்டு வாசல்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும். எதிரெதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள நடுவில் மட்டும் கொஞ்சம் அகலம். வீட்டின் பின்சுவரில் ஏறி நின்றால் தண்டவாளம் கீழிருந்து வளைந்து ஏறி வருவது முழுக்கத் தெரியும்.

ரிப்பேர்காரர் உருண்டையான மனிதர். சிரித்தால் இடுப்பில் தொங்கும் ஸ்பானர்களும் சேர்ந்து சிரிக்கும். "இத்தனை வருஷமா இந்தச் சுவத்துல துணி காயப்போட்டிருக்கேன். இங்கருந்து இவ்வளவு அழகு தெரியும்னு நீங்க வந்து சொல்ல வேண்டியிருக்கு" என்றார். கூட்டாளிகள் இருந்தால் அழைத்து வாருங்கள், நம் வீடுதானே என்றும் சொன்னார். அவர் மனைவி சுவர் தாங்குமா என்று மட்டும் கேட்டாள்.

நல்ல இடம் கிடைத்தால் இந்த ரயில் பைத்தியங்கள் நகையைப்போல் ஒளித்து வைப்பார்கள். ஆனால் நகை போட்டவளுக்குக் கழுத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளை வெள்ளோட்டமாக ஒரு சரக்கு ரயிலை அங்கிருந்து எடுத்து, இடம் எது என்று சொல்லாமல், படத்தை மட்டும் தன் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஓரத்தில் தண்டவாளத்தின் கிலோமீட்டர் கல் தெரிந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அது போதும்.

ரயில் வருகிற நாளன்று நானும் மகளும் கூடப் போனோம். விடிகிற நேரம், சந்தில் ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளை வண்டியை நடு அகலத்தில், சுவரை ஒட்டி நிறுத்தினார். இறங்கி, மிச்சமிருந்த இடத்தைக் கண்ணால் அளந்தார். தன் ஆம்புலன்ஸே தாராளமாகப் போகும் என்று அவருக்குத் திருப்தி. அது அவர் வண்டி மட்டும் நின்றவரைக்கும் சரி. அடுத்து வந்தவர் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்து, இங்கே நிறுத்தலாம் போலிருக்கிறது என்று அதற்கு எதிரிலேயே நிறுத்தினார். அதற்குப் பின் வந்தவர்கள் இருவரையும் பார்த்து நிறுத்தினார்கள். வெயில் ஏறுவதற்குள் சந்து நிரம்பிவிட்டது. பின்சுவரில் காக்கைகள் மாதிரி வரிசையாக ஆட்கள், ஆளுக்கொரு கேமரா முக்காலி. மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. அவர் கவலை முழுக்க, தன் படத்தில் அடுத்தவர் முழங்கை வந்துவிடுமோ என்பதுதான்.

ரிப்பேர்காரருக்கோ கல்யாண வீட்டுக்காரர் குதூகலம். ஏணி தூக்கி வந்தார். பலகை தூக்கி வந்தார். குள்ளமான ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டியை உருட்டி வந்து கவிழ்த்துக் கொடுத்தார். மனைவி உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். பிறகு அவராகவே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அவர் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்ததை முதலில் பார்த்தது என் மகள்தான். சுவரைப் பார்த்து "என்னங்க, இறங்குங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, மாப்பிள்ளை முக்காலியை அப்படியே விட்டுவிட்டுக் குதித்தார்.

சட்டையைத் தளர்த்தி, சுவரில் சாய்த்து உட்கார வைத்து, தன் அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார். மாத்திரை ஒன்றைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். "நம்ம வண்டிதான் வருது. பயப்படாதீங்க" என்றார். சீக்கிரமே சைரன் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளைக்குப் போனது.

"கிட்ட வரல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் காதுக்குப் புரிந்திருக்கிறது. வருகிற சைரன் ஏறிக்கொண்டே வரும். இது ஒரே அளவில் கத்திக்கொண்டிருந்தது. வண்டி சந்து முனையில் நின்றுவிட்டது.

சுவரருகே ஓடி, வண்டிகளை எடுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சினார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே பள்ளத்தில் விசில் ஊதியது. பாதிப்பேர் மரியாதையாக இறங்கி வந்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மற்றவர்கள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டே நிமிஷம் சார். இதோ வந்துடும்" என்றார் தொட்டி மேல் நின்றவர்.

"அவருக்கு ரெண்டு நிமிஷம் இல்ல சார்."

இறங்கியவர்கள் வண்டியைக் கிளப்பித்தான் என்ன பயன்? முன்னே ஆம்புலன்ஸ், பின்னே முட்டுச் சந்து. ஒன்றை எடுக்க ஒன்பதை எடுக்க வேண்டும். அதற்குள் நர்ஸும் ஓட்டுநர் பையனும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, வண்டிகளுக்கு இடையே பக்கவாட்டில் நடந்து வந்து சேர்ந்தார்கள். திரும்பும்போது கனமான ஆள் மேலே. மாப்பிள்ளை தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, வழியில் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிகளை முழங்கையால் மடக்கிக்கொண்டே போனார். மடங்காத ஒன்று உடைந்தது. நடு அகலத்துக்கு வந்ததும் ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் வண்டி, அந்தப் பக்கம் அதைப் பார்த்து நிறுத்தியவரின் வண்டி. நடுவில் ஒல்லியான ஆள் ஒருவர் போகலாம். படுத்த ஆள் போக முடியாது.

மாப்பிள்ளை தன் வண்டியை ஒரு கணம் பார்த்தார்.  நாலு பேராகத் தோளுக்கு மேல் தூக்கி, அந்த வண்டியின் மூக்குமேல் வைத்து, இழுத்துத்தான் தாண்ட வேண்டியிருந்தது. அப்போது ரயில் போயிற்று. தரை அதிர்ந்தது. சுவரில் கேமராக்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. வெள்ளைப் புகை சந்துக்குள் இறங்கி எல்லோரையும் மூடியது. நோயாளி இருமினார். புகைக்குள் மாப்பிள்ளையின் முதுகு மட்டும் தெரிந்தது. அது நிமிரவே இல்லை.

ரிப்பேர்காரர் உயிர் பிழைத்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், கதை சொல்கிற புத்தி விடவில்லை. ஆனால் டாக்டர் அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது நல்ல செய்தி இல்லை. இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் இதயத்தில் இவ்வளவு பகுதி வாடியிருக்காதாம். இனி ஏணி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. குழாய் வேலையில் அது இரண்டையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை வேலைக்குப் போனார், வந்தார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. வழியில் நிற்கிற வண்டிகளைத் திட்டுவதும் நின்றது. அதுதான் மகளை அதிகம் பயமுறுத்தியது. திட்டச் சொல்லிக்கூடப் பார்த்தாள். "யாரைத் திட்டுறது?" என்றார்.

ஒருவாரம் கழித்து அவரை இழுத்துக்கொண்டு நானும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாப்பிள்ளை கட்டிலருகே நின்று, முதல் வண்டி என்னுடையதுதான் என்று சொன்னார். ரிப்பேர்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய மாதிரி குலுங்கிச் சிரித்து, "அட விடுங்க தம்பி, நான்தானே எல்லாரையும் வரச் சொன்னேன். அடுத்த ரயிலுக்கு எனக்கும் சுவத்துல ஒரு இடம் போட்டு வைங்க" என்றார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று இரவு தட்டு காலியாயிற்று.

இதுவரை எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். அடுத்த அறையில் மாப்பிள்ளை தூங்குகிறார் என்பதால் மெதுவாகத்தான் பேசினாள்.

"அந்தக் குழாய்க்காரர் சிரிக்கலம்மா. ஒண்ணுமே சொல்லல. இவர் சொல்லி முடிச்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். நீயும்தானே பார்த்தே."