டிட்டாவின் கால்

டெல்லி முனிர்காவில் எங்கள் வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்யும் பெரியம்மா மகள் மல்லிகா அக்கா, திருநெல்வேலிக்காரி. போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, "வெட்டுக்கிளி பாக்க வாரியால?" என்றாள். கிளி என்றதும் கிளம்பிவிட்டேன். டெல்லியில் பிறந்தவனின் தமிழ் அவ்வளவுதான்.

நஜஃப்கருக்கு பஸ், பத்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஜீப்பில் ஆறு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். இறங்கினால், உழவு நின்றுபோன மூன்று நிலங்கள். போன வருஷம் கைவிட்டதில் களையும் வெறும் மண்ணும். மண்நிற வெட்டுக்கிளி இரண்டே வகை, நீளச் சிறகோடு கூட்டம் கூட்டமாக. ஆறு வருஷ நிலத்தில் புல் வந்திருந்தது. புல் மாதிரியே ஒல்லியான பச்சைக்காரர்களும். பன்னிரண்டு வருஷ நிலம் முழுப் புல்வெளி. வகைகள் ஏராளம், வகைக்குத் தலைகள் கொஞ்சம். அங்கே மட்டும் குட்டைச் சிறகுக்காரன் ஒருவன். பறக்க வராது.

"இவன் எங்கிருந்தோ நடந்தே வந்திருக்காம்ல. அதான் இத்தன வருசம்" என்றாள் அக்கா.

"பஸ் கிடைக்கல போல." முதுகில் அக்காவின் பூச்சிவலைக் கம்பு விழுந்தது.

அடுத்த ஞாயிறு அந்தப் புல்வெளியில் கடைசிக் கணக்கெடுப்பு. அது முடிந்தால் அக்காவின் ஆய்வும் முடியும்.

அந்த ஞாயிறு ஜீப்பிலிருந்து இறங்கும்போதே பூச்சிமருந்து நெடி. பக்கத்து வயல்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஆயியே மேடம்ஜி! நீங்க சொன்னதும் ஊரே சேர்ந்து அடிச்சிட்டோம். ஒண்ணு மிச்சமில்ல" என்றார் இந்தியில்.

"நான் என்ன சொன்னேன்?"

"இங்கே டிட்டி நிறைய இருக்குன்னு."

முந்தின வாரம் நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அக்கா அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். தமிழில் எல்லாமே வெட்டுக்கிளி. இந்தியில் டிட்டா என்றால் புல்லில் சும்மா தத்துவது. டிட்டி என்றால் படையாக வந்து பயிரை மொட்டையடிப்பது.

"டிட்டின்னா டிட்டாவோட பொட்டைன்னுலா நெனச்சேன்" என்றாள் அக்கா. குட்டைச் சிறகுக்காரன் புல்லடியில் மல்லாந்து கிடந்தான். நீளச் சிறகுக்காரர்கள் அடுத்த மழைக்கே பறந்து வந்துவிடுவார்களாம். இவன் வகையோ முதலிலிருந்து நடக்க வேண்டும். அக்கா வயல்காரரைப் பார்த்து, "சுக்ரியா பையா" என்று நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வாள்? அவர் உதவிதான் செய்திருந்தார்.

போகிறவர்களுக்கு: மழை ஓய்ந்ததும் போங்கள். முழுக்கைச் சட்டை, தண்ணீர், ஷூ அவசியம். சரியான சொல் அதைவிட அவசியம். தமிழில் எழுதிப் பாருங்கள்: டிட்டா முடியும் இடத்தில் ஒரு துணைக்கால் இருக்கும். டிட்டியில் அந்தக் காலை எடுத்துவிட்டு மேல்விலங்கு மாட்டியிருக்கும். அவ்வளவு தூரம் ஆறு காலில் நடந்து வந்தவனுக்கு அந்த ஏழாவது கால்தான் இல்லாமல் போனது.