இறுக்கி மூடாத வளையம்

விசுவமடுச் சந்திக்குப் பக்கத்தில் மணிமாலை கோத்து விற்கும் அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தங்கூசி என்ற அறாத நைலோன் நூலில் மணிகளைக் கோத்து, நுனியில் வளையமும் கொளுக்கியும் பூட்டியதும், ஒவ்வொரு மாலையையும் கதவு நிலையில் அடித்த ஆணியில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்.

மகளுக்கு ஒரு மாலை வாங்கியபோது, "கழண்டு துலையாமல் வளையத்தை நல்லா இறுக்கி மூடுங்கோ" என்றேன்.

"ஓம் அக்கா" என்றார்.

அடுத்த வாரம், மா அரைக்கும் மில்லில் மகள் குனிந்தபோது சுழன்றுகொண்டிருந்த பெல்ட் மாலையை இழுத்தது. வளையம் திறந்து மாலை போய்விட்டது. பிள்ளையின் கழுத்தில் ஒரு சிவந்த கோடு மட்டும்தான்.

அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இறுக்கச் சொன்னனான் எல்லே?"

"சொன்னனீங்கள். சின்னப் பிள்ளையளின்ர மாலையை நான் இறுக்கிறேல்ல. அதைச் சொன்னால் வாங்கமாட்டியள் எண்டுதான் தலையாட்டினனான்."

"பொய்க்காரி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஓம், பெரிய பொய்க்காரிதான்." சிரித்தபடி புது மாலையையும் வளையம் நெரிக்கும் குறட்டையும் என் கையில் தந்தார். "இந்தமுறை நீங்களே மூடுங்கோ."

மூடிக் கொடுத்தேன். ஆணியில் மாட்டி இழுத்தார். ஆணிதான் ஆடியது, வளையம் திறக்கவில்லை.

"இவ்வளவு நடந்தும் இறுக்கிப்போட்டீங்களே, அக்கா."

குறட்டை வாங்கி, வளையத்தை மயிரிழையளவு திறந்துவிட்டார்.

மகளுக்கு அந்த மாலையைப் பூட்டும்போதெல்லாம் என் விரல் அந்த இடைவெளியில் நிற்கிறது. மூடாமல் விடுவதற்கு, ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணை நினைக்க வேண்டியிருக்கிறது.