ஈனாத கிடாரிகளின் அட்டைகள்

மஞ்சள் பிளாஸ்டிக்கில் இரண்டு காதுப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் கறுப்பு எண். வித்துரா அக்கா அவற்றைக் கழுவித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கிடாரிகளை இறைச்சிக்கு விற்கும் முன் அவளே காதிலிருந்து நறுக்கி எடுத்தவை. சர்க்கார் சாமான், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். "ரெண்டும் போயாச்சு மேடம். பெறாததை நீங்க எந்த புக்குல எழுதுவீங்க?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அதை எழுத மாட்டோம் அக்கா, கன்னு போட்டதை மட்டுந்தான் எழுதுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், மாடுகளின் இனவிருத்தியைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளராக இருந்தேன். எந்தக் காளையின் பெண்கன்றுகள் இளவயதிலேயே சினைப்பிடித்து முதல் கன்றை ஈனுகின்றன என்று பார்த்து, காளைகளை வரிசைப்படுத்துவது என் வேலை. முதலிடம் பிடிக்கும் காளையின் விந்துதான் அடுத்த வருஷங்களில் ஊர் ஊராகச் சினை ஊசியாகப் போகும். கரமனை அக்ரகாரத்தில் என் மாமியார், நான் ஆபீஸிலிருந்து வந்து குளித்தால்தான் அடுக்களைக்குள் விடுவார். நான் தொடுவதெல்லாம் காகிதம்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் நம்பவில்லை. மாட்டின் மூச்சு கையில் படுகிற தூரத்தில் நான் நின்றதே வித்துரா என்ற அந்த மலையடிவார ஊரில்தான். பதிவு சரியாக நடக்கிறதா என்று பார்க்க வருஷத்துக்கு இரண்டு முறை ஜீப்பில் போவோம்.

அக்காவின் குடும்பம் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய குடும்பம். தோட்டம் நொடித்த பிறகு ரோட்டோரத்தில் ஒரு கூரை போட்டுக்கொண்டார்கள். இரண்டு கிடாரிகளையும் கன்றிலிருந்தே அவள்தான் வளர்த்தாள். காலையில் வீட்டில் கஞ்சி வடித்தால் முதல் பங்கு அவற்றுக்கு. இரண்டும் ஒரே காளையின் மகள்கள். எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த காளை. ஊசிமேல் ஊசி போட்டும் ஒன்றுகூடச் சினைப்பிடிக்கவில்லை. "இவ கை பட்டா ஒண்ணும் வெளங்காது" என்று அவள் புருஷன் சந்தையில், சர்ச்சில், டீக்கடையில் எல்லாம் சொல்லித் திரிந்தார்.

பட்டைகளைக் கொடுத்த அன்றும் அவர் வாசலில் நின்றிருந்தார். அக்கா தணிந்த குரலில், "ஒரே காளைக்குப் பிறந்ததுதானே மேடம் ரெண்டும்? கொறை அதுல இருக்குமோ?" என்று கேட்டாள். அவளுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். நானோ என் பட்டியலை நம்பினேன். "காளைமேல குத்தம் இல்லை அக்கா. தீனியோ கவனிப்போதான் போதலை" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். "கேட்டல்லே, ஆபீஸே சொல்லியாச்சு" என்று அவர் அக்காவிடம் சொன்னது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அடுத்த முறை போனபோது தொழுவம் இல்லை. அக்கா சந்தை ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறாள் என்றார்கள். நான் அவர்கள் வீட்டைப் பதிவிலிருந்து நீக்கினேன்.

சில வருஷம் கழித்து அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒரு கால்நடை டாக்டரம்மா என் பழைய பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஈனாத கிடாரிகள் எங்கே?" என்று கேட்டார். ஈன்ற தேதி இல்லாதவற்றுக்குச் சராசரி எடுக்க முடியாதே, அதனால் நீக்கிவிட்டோம் என்றேன். எல்லோரும் அப்படித்தான் செய்துவந்தோம். அவர் கோபிக்கவில்லை. ஈனாததை 'ஈனவில்லை' என்றே கணக்கில் வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கிடாரிக்கு ஒன்றாக எழுதி, மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்த பதிவு அட்டைகளை எடுத்து மறுபடி கணக்கிட்டேன். முதலிடத்துக் காளை கடைசிக்குப் போயிற்று. அதன் மகள்களில் கன்று ஈன்ற சில, சீக்கிரமே ஈன்றிருந்தன. அவற்றை வைத்துத்தான் அதற்கு அத்தனை பெருமை. மற்றவை கறிக்கடைக்குப் போய்விட்டதால், என் சராசரியில் அவற்றின் சுவடே இல்லை. அட்டைகளை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவை என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வித்துராவுக்குப் போனேன். அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். விஷயத்தைச் சொன்னேன். குறை காளையிலும் என் கணக்கிலும்தான், அவள் கையில் இல்லை என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். அவள் புருஷன் பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்தார். "இவர்கிட்டச் சொல்லுங்க மேடம். கொஞ்சம் உறக்கெச் சொல்லணும்" என்றாள். சொன்னேன். அவர் கண்கள் சுவரிலேயே நின்றன. இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். அக்கா அவர் வாயோரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, "போதும் மேடம், நான் கேட்டாச்சு" என்றாள்.

இப்போது எனக்கு வேலையும் இல்லை, குளித்துவிட்டு வரச் சொல்ல மாமியாரும் இல்லை. அந்த மூட்டையில், அந்தக் காளை ஒன்றின் பெயரிலேயே இன்னும் நிறைய அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரும், போகும் வழியும் எழுதியிருந்தது. நான் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை.