ரோஜா சார்

“திருப்பிச் சொல்றேன், கேட்டுக்கங்க. பழைய போன் நம்பரை எடுத்துறணும். மருமக நம்பரைச் சேக்கணும். சரியா?”

எதிரில் நிற்கிறவர் தலையை மட்டும் ஆட்டினால் ஞானதாஸுக்கு ஆகாது. வாயைத் திறந்து “சரி” என்று சொல்லவேண்டும். அப்புறம் இவர் “ரோஜர்” என்பார். அதற்குப் பிறகுதான் விரல் கணினியைத் தொடும். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டுமே, அவர் கவுன்டரில் செய்த வேலையைத் திருத்தித் தரச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

கொடைரோட்டில் இருக்கும் அந்த வங்கிக் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பூ விவசாயிகள். ஒச்சம்மாளும் அப்படித்தான். முதல் தடவை வந்தபோது இவர் “ரோஜர்” என்றதும் அந்தம்மா முகம் வாடிவிட்டது. “ரோஜாவா? இன்னைக்கு மல்லிதான சார் எடுத்தேன்” என்று சொல்லிப்போட்டுப் போய், அடுத்த வாரம் இரண்டு ரோஜாவை இலையில் சுருட்டிக்கொண்டு வந்து கவுன்டரில் வைத்தார். அது ‘புரிந்தது’ என்பதற்கு வயர்லெஸ்ஸில் சொல்லும் வார்த்தை என்று விளக்க ஞானதாஸுக்கு மனசு வரவில்லை. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பூவைப் போட்டுவைத்தார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அவர் ரோஜா சார். டம்ளர் காலியாக இருந்த நாளே கிடையாது.

வங்கிக்கு வருமுன் பட்டாளத்தில் இருந்தார். கார்கில் சண்டையின்போது மலைமேல் வயர்லெஸ் பேசுகிற ஆள். “எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?” என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. “நான் எங்க அப்பு சுட்டேன்? பேசிக்கிட்டேல்ல இருந்தேன்” என்பார். பீரங்கி எங்கே அடிக்கவேண்டும் என்பதை மேலேயிருந்து எண்களாகச் சொல்லவேண்டும். ஒரு எண் மாறிக் காதில் விழுந்தால் குண்டு நம் பையன்கள் தலையிலேயே விழும். அதனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. அந்தப் பழக்கம் மலையிலிருந்து இறங்கி, ரயிலேறி, கொடைரோடு கவுன்டர் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. மனைவி ஆனந்தமேரியிடம் போனில் இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டாலும் கத்தரிக்காயைத் திருப்பிச் சொல்லி, “ஓவர்” என்றுதான் முடிப்பார். அந்தம்மா அதற்கு முன்பே வைத்துவிடுவார்.

மலையிலிருந்து இன்னொன்றும் கூடவே வந்தது. பக்கத்தில் ஒரு குண்டு வெடித்து இடது காதில் இரண்டு நாள் விசிலடித்தது. சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், வயர்லெஸ்ஸுக்கு வேறு ஆளில்லை என்று வாயை மூடிக்கொண்டார். வருஷம் போகப்போக அந்தக் காது சுத்தமாக அடைத்துவிட்டது. இது ஆனந்தமேரியைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. நாற்காலியைக் கோணலாகப் போட்டு, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தபடி, வலது காதை வாடிக்கையாளருக்குக் கொடுத்து உட்காருவார். புதிதாக வருகிறவர்கள், ஆளுக்குத் தலைக்கனம், முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். மற்றபடி மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை. கவுன்டர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, பூ இருக்கிறது.

அந்த நிம்மதியில்தான் போன மாதம் கல் விழுந்தது. கவுன்டருக்கெல்லாம் கண்ணாடித் தடுப்பு வரப்போகிறது என்று மேனேஜர் கீர்த்தனா சொன்னார். நடுவில் சின்னதாக ஒரு திறப்பு இருக்குமாம். ஞானதாஸ் வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுனா எனக்கு என்ன கேக்கும் மேரி? உள்ரூம்ல பைல் பாக்க உக்கார வச்சிருவாக. அங்க யாரு என்கிட்ட பேசுவா?”

“காதுக்கு மிஷின் வைங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்.”

“வச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்ல.”

கண்ணாடி மாட்ட காத்தமுத்து வந்த அன்று கிளையில் கூட்டம் குறைவு. ஒச்சம்மாள் மட்டும் பூவோடு நின்றிருந்தார். காத்தமுத்து அளவெடுத்துவிட்டு என்னவோ கேட்டார். ஞானதாஸின் இடது பக்கம் நின்ற கீர்த்தனா, கையை நீட்டிக் காட்டிப் பதில் சொன்னார். இவருக்கு ஒன்றும் விழவில்லை. தன்னை உள்ளே அனுப்புவதைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

“என்னக்கா சொல்றாக?” என்று ஒச்சம்மாளிடம் மெல்லக் கேட்டார்.

ஒச்சம்மாள் வழக்கம்போல அவருடைய வலப்பக்கமாக நகர்ந்து வந்து, குரலை உயர்த்திச் சொன்னார். “ஓட்டைய நடுவுல போட வேணாமாம். சாருக்கு வலது பக்கமாப் போடணுமாம். மேடம் சொல்றாக.”

ஞானதாஸ் கீர்த்தனாவைத் திரும்பிப் பார்த்தார். “மேடத்துக்கு யாரு சொன்னா?”

“நாந்தேன். ஏன் சார், தெரியாமயா நாங்க அம்புட்டுப் பேரும் இத்தன வருசமா இந்தப் பக்கமா வந்து நின்னு கத்துறோம்?” என்ற ஒச்சம்மாள் சிரித்தார். “எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ரோஜர்” என்பது மட்டும்தான் வாயில் வந்தது. ஒச்சம்மாள் ரோஜாவை நீட்டினார். அதை வாங்கி டம்ளரில் போட்டுவிட்டு, ஞானதாஸ் எழுந்து நின்று, காலண்டரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, கவுன்டரைப் பார்க்க நேராகப் போட்டார்.