முட்டிக்கு ஐம்பத்தோராவது இடம்

அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு 'அசையாதீங்க' என்றுதான் பெயர். பதினான்கு வருடங்களாகத் தினம் முப்பது நாற்பது பேரிடம் "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பட்டம். ஆனால் அவரைப் போல அசைகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் மேசையில் தாளம் போடும். பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றானபோது தூக்கமும் போயிற்று.

பரீட்சை போர்த்துகீசிய மொழியில். கணினித் திரையில் ஓர் அம்மாள் தோன்றித் தன் உடம்பில் ஓரிடத்தைத் தொடுவார். ஐந்து விநாடிக்குள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். முப்பது கேள்வி, இருபத்துநாலு சரியாக இருந்தால்தான் அந்த மொழி பேசும் நாட்டில் வேலை. அவர் மனைவி அங்கேதான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் ஒரு வருடம் ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்த முறை தவறினால் அடுத்த பரீட்சை பதினோரு மாதம் கழித்து.

சொற்களெல்லாம் அவருக்குத் தெரியும். அறுபத்துநாலு சொற்களைத் தலையிலிருந்து பாதம் வரை வரிசையாக எழுதி, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, பல் தேய்க்கும்போதே உருப்போட்டிருந்தார். சிக்கலே அங்கேதான் வந்தது.

"முட்டிக்கு என்னங்க?" என்று மனைவி தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம், இவருக்கு மாலை.

"கபேசா, கபேலு, தெஷ்தா, சுப்ரன்செல்யா..."

"முட்டியக் கேட்டா ஏன் தலையில ஆரம்பிக்கிறீங்க?"

"குறுக்க பேசாத. விட்டுப்போயிடும்."

அவர் நெற்றி, கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் கடந்து "ஜுவெல்யு" என்று முட்டிக்கு வந்து சேர்ந்தார். பட்டியலில் அதற்கு ஐம்பத்தோராவது இடம். முப்பத்தெட்டு விநாடி ஆகியிருந்தது.

"அதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிருப்பாரு. இனிமே தலையில ஆரம்பிச்சீங்கன்னா ஃபோனை வச்சிடுவேன், ஆமா."

மறுநாள் இரண்டு முறை வைத்தும் விட்டாள்.

வழி காட்டியது எக்ஸ்ரேக்கு வருபவர்களுக்குச் சீட்டு எழுதும் அக்காதான், அதுவும் தெரியாமலே. அவர் ஆளின் பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை. உறுப்பைச் சொல்லித்தான் குரல் கொடுப்பார்.

"முட்டி வருது!"

எக்ஸ்ரே அறைக்குள் இருந்தவருக்குப் பொறி தட்டியது. முட்டி, தோள், மணிக்கட்டு என்று இங்கே எதுவும் வரிசையில் வருவதில்லையே. சீட்டு எழுதும் மேசையிலிருந்து அறைக் கதவுக்குப் பதினோரு எட்டு. ஆள் கதவைத் தொடுமுன் உறுப்பின் போர்த்துகீசியப் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். முதல் நாள் முப்பத்திரண்டு பேரில் ஒன்பது தேறியது. நான்காம் நாள் இருபத்தேழு.

"ஜுவெல்யு" என்று முணுமுணுத்தபடி அவர் ஒரு நோயாளியின் காலைப் பிடித்து வைத்தபோது, படுத்திருந்த பெரியவர் மிரண்டுபோனார்.

"என்ன தம்பி, பேரே பயங்கரமா இருக்கு? ஆபரேஷன் பண்ணணுமா?"

"ஒண்ணுமில்ல பெரியவரே, வெறும் முட்டிதான். அசையாதீங்க."

"நான் எங்க அசையிறேன்? நீதான் ஆடிக்கிட்டே இருக்க."

பரீட்சை அன்று காலை, கணினி இருந்த அலுவலக அறைக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டார். நாற்காலியை மூன்று தடவை நகர்த்தினார். பத்து மணிக்கு அந்த அம்மாள் திரையில் தோன்றி முழங்கையைத் தொட்டார். "குத்துவேலு." தோள். "ஓம்ப்ரு." கணுக்கால், விலா, தாடை எல்லாம் பளிச்சென்று வந்தன. பிறகு நாக்கை நீட்டிக் காட்டினார். 'அசையாதீங்க' அசையாமல் போனது அப்போதுதான். நாக்குக்கு எக்ஸ்ரே எடுக்க யார் வருகிறார்கள்? ஒன்பது நாளில் ஒருவர்கூட வரவில்லை. உதடு போயிற்று, இமை போயிற்று. நகமும் தொப்புளும் அக்குளும் போயின. எலும்பு எதுவும் தப்பவில்லை, சதைதான் காலை வாரியது.

இருபத்தொன்பது கேள்வி முடிந்தபோது சரி இருபத்துமூன்று, தவறு ஆறு. மிச்சம் ஒன்று.

அந்த அம்மாள் காதைத் தொட்டார்.

ஒரு விநாடி வெறுமையாகப் போனது. மனைவி போட்ட தடை நினைவுக்கு வந்தது. ஆனது ஆகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே ஓடினார்: கபேசா, கபேலு, தெஷ்தா, சுப்ரன்செல்யா... காதுக்கு ஐந்தாவது இடம்.

"ஒரெல்யா!"

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். காகிதத்தில் ஏதோ குறித்தார். பிறகு தலையசைத்துச் சிரித்தார்.

வெளியே வந்தவர் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே மனைவியை அழைத்தார்.

"பாஸ்! இருபத்துநாலு!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

"ஒண்ணு குறைஞ்சிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" என்றாள் பிறகு. "கடைசி எது?"

"காது."

"எப்படிச் சொன்னீங்க?"

அவர் நடையை வேகப்படுத்தினார்.

"தலையில ஆரம்பிச்சேன். ஃபோனை வச்சிடாத."