ஏழாம் வார்த்தை செல்வதாஸுக்கு

எங்கள் சபையில் செல்வதாஸ் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஆனால் ‘சைடு கொடுக்காத செல்வதாஸ்’ என்றால் ஒருவர்தான். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற ரோட்டில் அவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன், ஊர் போய்ச் சேரும்வரை அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஹாரன் அடித்தால் இன்னும் கொஞ்சம் நடுவில் வருவார். ஒரு தடவை அப்படி மாட்டியது கல்யாண மாப்பிள்ளையின் கார். மாப்பிள்ளை ஆலயத்தில் வந்து இறங்கும்போது பெண் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். பாடகர் குழுவில் நின்றிருந்த எங்களுக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் மாறவில்லை. மருமகன் கார் ஓட்டினால் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பார். “அங்க ஒண்ணும் கெடையாது, சும்மா எதுக்குக் காலை அமுக்குதிய?” என்று பின்சீட்டிலிருந்து லீலாபாய் மைனி கேட்பார். அவருடைய மனைவி. அதற்கும் பதிலாகக் கால்தான் இன்னும் பலமாக அமுங்கும்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. தன் சித்தத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டும்.

புனித வெள்ளியன்று எங்கள் ஆலயத்தில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம். யாருக்கு எந்த வார்த்தை என்பதில் நடக்கிற இழுபறி பஞ்சாயத்துத் தேர்தலில்கூட நடக்காது. முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது, அதைப் போதகர் எடுத்துக்கொள்வார். தாயைப் பற்றி வருவது பெண்கள் சங்கத்துக்கு. ‘ஏன் கைவிட்டீர்’ என்று கேட்கிற வார்த்தையை விளக்குவது கஷ்டம் என்பதால், அதை யாராவது கல்லூரிப் பேராசிரியர் தலையில் கட்டிவிடுவார்கள். ஏழாவதுதான் ராஜா. தம் உயிரைப் பிதாவின் கையில் விட்டுவிடுகிற கடைசி வார்த்தை. கருத்தும் பெரிது, கூட்டமும் பெரிது. ஆராதனை முடிந்து ஊற்றுகிற கஞ்சிக்கென்றே வருகிறவர்கள் அந்த நேரத்துக்குத்தான் உள்ளே நுழைவார்கள்.

அந்த ஏழாம் வார்த்தையை வருஷா வருஷம் ரத்தினம் சார்தான் பேசுவார். வங்கி மேலாளராக இருந்தவர், நல்ல குரல். செல்வதாஸ் அண்ணனுக்கு ஒரு வருஷம் கிடைத்தது ஐந்தாவது, தாகத்தைப் பற்றியது. காலையிலிருந்து உபவாசம் இருக்கிற சபைக்கு முன்னால் நின்று, தாகத்தை விவரித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தவர் அவர். அதற்குப் பிறகு அவருக்கு ஏழாவதைக் கொடுக்க எங்கள் கமிட்டிக்கு எப்படித் துணிவு வரும்?

அவரும் விடவில்லை. கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் பலாப்பழத்தோடு போய்க் கேட்டார். வீட்டில் முழங்கால் போட்டும் கேட்டார். “ஆண்டவரே, எல்லாம் உம்முடைய சித்தம். ஆனாலும் ஏழாம் வார்த்தை எனக்குத்தான் தரணும்” என்று ஜெபிப்பாராம். மைனி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வருஷம் தவக்காலத்தில் ரத்தினம் சாருக்கு நெஞ்சுவலி வந்தது. திருவனந்தபுரத்தில் பைபாஸ் ஆப்பரேஷன். செல்வதாஸ் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்து, கட்டிலருகே நின்று உருக்கமாக ஜெபித்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில், கூடப் போயிருந்த என்னிடம், “மக்கா, சாருக்கு இனி ஒரு வருஷமாவது ரெஸ்ட் வேணும், கேட்டியா?” என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தப்படுகிறவன் முகத்துக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது.

வேறு வழியில்லாமல் கமிட்டி ஏழாவதை அவருக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து விடிகாலையில் ரப்பர் தோட்டத்துக்குள் நின்று மரங்களுக்குப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். பால் வெட்ட வந்தவர்கள் முதல் நாள் பயந்து ஓடினார்கள். பிறகு பழகிவிட்டது.

புனித வெள்ளி வந்தது. ஐந்தாம் வார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது பக்கவாசலில் சலசலப்பு. மகன் கையைப் பிடித்துக்கொண்டு ரத்தினம் சார் வந்துகொண்டிருந்தார். சட்டை அவர் மேல் தொங்கியது. முன்பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்கியவர், மகனை அனுப்பிப் போதகரை அழைத்து ஏதோ சொன்னார்.

எங்கள் போதகர் ஜெப்சன் சின்ன வயசுக்காரர், யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த செல்வதாஸ் அண்ணனிடம் வந்து குனிந்தார். நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன்.

“ஐயா, ரத்தினம் சாருக்கு ரெண்டு நிமிஷம் பேசணுமாம். ஒங்களுக்கு முன்ன மைக்கு குடுக்கட்டா?”

“அவருக்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா பாஸ்டரே? மூணு மணி தாண்டியும் நிக்காது.”

“சொகமில்லாத மனுசன். ஆசைப்பட்டு வந்திருக்காரு.”

“ஆசைப்பட்டுத்தான் நானும் இத்தன வருஷமா இருக்கேன். லிஸ்டு போட்டது ஆண்டவரு. அதை மாத்த நான் யாரு?”

லிஸ்டைப் போட்ட கமிட்டியில் நானும் இருந்தேன். ஆண்டவர் அன்று வந்ததாக எனக்கு நினைவில்லை. போதகர் என்னைப் பார்த்தார், நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் போய் சாரின் காதில் ஏதோ சொன்னார். சார் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

செல்வதாஸ் அண்ணன் ஏறினார். நானே சொல்கிறேன், அப்படி ஒரு பிரசங்கத்தை எங்கள் ஆலயம் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு டிரைவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்குகிற பயணி உண்டா, அப்படியிருக்க ஆண்டவர் ஓட்டுகிற வண்டியில் உனக்கென்ன அவசரம் என்று கேட்டார். மைனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஜனங்கள் அழுதார்கள். ‘விட்டுவிடு, கையை விட்டுவிடு’ என்று குரல் உடைந்து அவர் சொன்னபோது எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதன் என்னை அழவைத்துவிட்டானே என்று ஆத்திரமும் வந்தது.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். செல்வதாஸ் அண்ணனால் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நகர முடியவில்லை. கையைப் பிடிக்கிறவர்களும் கண்ணைத் துடைக்கிறவர்களுமாக ஒரே கூட்டம். அதை விலக்கிக்கொண்டு அவரும் நானும் ஓரமாக வந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ரத்தினம் சார் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“தாஸே, நல்லா பேசினே. எனக்கு இப்பிடிப் பேச வராது.”

“ஒங்க ஆசீர்வாதம் சாரே.”

“நான் பேச வந்தது பிரசங்கம் இல்ல, கேட்டியா? ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டு போறப்பம் நான் கட்டிலுக்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். விட மாட்டேன்னு கெடந்து கூப்பாடு போட்டேன். ஒரு நர்ஸு பிள்ள எனக்க விரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டா. உயிரைப் பிதாவுக்க கையில விடு விடுன்னு இங்க நின்னு ஊரையே ஏசினவனாக்கும் நான். கட்டிலுக்க கம்பியை விட எனக்கு முடியல. நான் சொன்னது ஒண்ணும் எனக்கே தெரியாதுன்னு சனங்ககிட்ட சொல்லிரணும்னுதான் வந்தேன். செரி, உயிரோட இருந்தா அடுத்த வருஷம் பாப்போம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செல்வதாஸ் அண்ணன் தட்டோடு நின்றார். யாரோ ஒரு பாட்டி வந்து, ‘தேவன் உம்மைப் பயன்படுத்தினாரு’ என்று அவர் தோளைத் தடவிவிட்டுப் போனார். அவர் அதையும் கவனிக்கவில்லை.

“ஏலே, சார் சொன்னத கேட்டியா?” என்று என்னிடம் திரும்பினார்.

“கேட்டேன்.”

“அவரு நேரம் கேட்டதும் நான் குடுக்காததும் ஒனக்கும் பாஸ்டருக்கும்தான் தெரியும். நீ வெளிய சொல்லாண்டாம்.”

“சொல்ல மாட்டேன்.”

ஒரு வாய் கஞ்சி குடித்தார். “தொலையட்டும்!” என்று தட்டை என் கையில் திணித்துவிட்டுப் பெஞ்சின் மேல் ஏறினார். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று கத்திப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

“எல்லாரும் அங்கங்க நில்லுங்க! கஞ்சி எங்கயும் ஓடிப்போகாது. ரத்தினம் சார் இண்ணைக்கு ரெண்டு நிமிஷம் கேட்டாரு. நான் குடுக்கல. எனக்குக் கெடைக்கப்போற பேரு போயிரும்னு குடுக்கல. உள்ள நான் பேசினதெல்லாம் வெறும் வாயாக்கும். அழுதவங்க எல்லாம் கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கோங்க. இனி சார் சொல்லுவாரு, கேளுங்க.”

பந்தல் அடங்கியது. ரத்தினம் சார் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, எங்களிடம் சொன்னதையே சொன்னார். நிஜமாகவே இரண்டு நிமிஷம்தான். முடிந்ததும் யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒருத்தி எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். மகனை சவுதிக்கு அனுப்பிய அன்று ஏர்போர்ட்டில் அவனுடைய பையை விடாமல் பிடித்து இழுத்ததைச் சொன்னாள். பிறகு இன்னொருவர் எழுந்து தன் கதையைச் சொன்னார். அவரவர் பிடித்துவைத்த கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எங்கள் சபையில் பக்திக்கு என்றைக்கும் குறைவில்லை. உண்மையை அன்றுதான் பார்த்தேன்.

செல்வதாஸ் அண்ணனின் பிரசங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷம் ஏங்கி வாங்கியது, கஞ்சி ஆறும் முன்னே போய்விட்டது. போகும் என்று தெரிந்துதான் மனிதர் பெஞ்சில் ஏறினார்.

அண்ணனும் மைனியும் நானும் ஒன்றாக நடந்து திரும்பினோம். பாதி வழியில் மைனி மெதுவாகக் கேட்டார்: “இப்பம் மனசுக்கு லேசா இருக்கா?”

அவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

“இல்ல ஏட்டி. வயிறு எரியுது. விட்டுக்குடுத்தா ஒடனே சமாதானம் வரும்னு நான்தானே உள்ள நின்னு முழங்கினேன்? ஒரு மண்ணும் வரல. எனக்க பிரசங்கம் போச்சே ஏட்டி.”

சொல்லிவிட்டு அழுதார். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார். மைனி சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் சபையில் எதையாவது உண்மையாகவே ஆண்டவர் கையில் விட்டவர் இவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அடுத்த வருஷம் அதையே பிரசங்கமாக்கிவிடுவார் என்று பேசாமல் நடந்தேன்.