ஒரகடம் வரை போய் கோல் கம்பமாக நின்ற கதை

காலை எட்டு மணிக்குப் பெரம்பூரில் கிளம்பினேன். 1991, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கையில் மஞ்சள் பை, குடை. பைக்குள் பத்திரத்தின் நகல், மனைப் பிரிவின் வரைபடம், வசந்தா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. போகிற காரியம் ஒன்றுதான். ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் நாலு வருடத்துக்கு முன் வாங்கிப் போட்ட மனையை விற்றுவிட்டு வரவேண்டும்.

ஏன் விற்க வேண்டும் என்றால், குழாய். நாங்கள் இருப்பது ஒண்டுக் குடித்தனம். ஐந்து குடும்பத்துக்கு ஒரு குழாய். விடியுமுன்பே எழுந்து குடத்தை வரிசையில் வைக்கும் வேலை வசந்தாவுடையது. அடுத்த தெருவில் ஒரு வீடு ஒத்திக்கு வருகிறது, தனிக் குழாயோடு. மனையை விற்றால் அதைப் பிடித்துவிடலாம். "நமக்கே நமக்குன்னு ஒரு குழாய்" என்று நான் செருப்பு மாட்டும்போது மூன்று முறை சொல்லிவிட்டாள். நான்காவது முறை சொல்வதற்குள் தெருவில் இறங்கிவிட்டேன்.

வாங்க வருகிறவர் பல்லாவரத்தில் மாவு மில் வைத்திருக்கும் சபாபதி. இரண்டு மணி நாற்பதுக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்குவதாகச் சொல்லியிருந்தார். வழி தெரியாது, நான் நின்று அழைத்துப்போக வேண்டும். அவர் கேட்டது ஒன்றுதான்: "மனையோட நாலு கல்லையும் என் கண்ணால பாக்கணும். பேப்பர்ல ஆயிரம் போடுவான்."

மணி 9.50. பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து, படப்பை வழியாகப் போகும் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். ஒரகடத்துக்கு மூன்று ரூபாய் இருபத்தைந்து காசு. நான் ஐந்து ரூபாய் நோட்டைக் கொடுத்ததும் நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மனை பாக்கப் போறீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"மஞ்சப் பை, குடை, ஞாயித்துக்கெழமை. வேற இன்னாத்துக்கு வருவாங்க? கோயிலுக்குன்னா பொண்டாட்டி கூட வந்திருக்கும்." மீதிச் சில்லறையை இறங்கும்போது தருவதாகச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

படப்பை தாண்டியதும் இரண்டு பக்கமும் ஏரி. மழை நன்றாகப் பெய்த வருடம், தண்ணீர் இன்னும் கரையை விட்டு இறங்கவில்லை. ஏரி முடிந்தால் நெல், நெல் முடிந்தால் பலகை. எல்லாப் பலகையிலும் ஏதோ ஒரு நகர். வீடே இல்லாத இத்தனை நகர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. நடுநடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் ஒன்று எதிரே போகும். மறைமலை நகருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்க்கிறார்கள் என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

மணி 11.30. ஒரகடத்தில் இறங்கி, வல்லக்கோட்டை சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வேலவன் நகர் வந்தது. முப்பதடிச் செம்மண் சாலைகள், சாலைக்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையடித்த கற்கள், கற்களுக்கு நடுவே நெருஞ்சி. என் மனை எண் முப்பத்தொன்று. வரைபடத்தை விரித்து, திசை பார்த்து, எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஒரு கல் இருந்தது. இரண்டாவது இருந்தது. மூன்றாவதும் இருந்தது. நான்காவது மூலையில் ஒரு குழி மட்டும் இருந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். விழுந்த எழுத்து எங்கே விழுந்தது என்று தேடுவது இருபது வருடப் பழக்கம். ஆனால் இங்கே தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாற்பது அடி தள்ளிச் சாலையில் பெரிய கூச்சல் கேட்டது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். சாலையின் இந்தக் கோடியில் மூன்று தப்படி இடைவெளி விட்டு இரண்டு வெள்ளைக் கற்கள். அதில் ஒன்றின் தலையில் சிவப்புப் பெயின்ட்டில் முப்பத்தொன்று.

போய்க் கல்லின் மேல் கை வைத்தேன். ஆட்டம் நின்றது.

"இது என் கல்லு" என்றேன்.

"தெரியும் சார்" என்றான் அவர்களில் பெரியவன். பதினெட்டு வயது இருக்கும், பெயர் லாரன்ஸ், ஒரு அணிக்குத் தலைவன். "கேம் முடிஞ்சா அதே குழில நட்டுருவோம். வாரா வாரம் அப்டித்தான் நட்டுக்கினு கீறோம். மத்த கல்லெல்லாம் சிமிட்டி போட்டுட்டாங்கோ. இது ரெண்டுதான் கையோட வருது."

இப்போதே நட்டாக வேண்டும் என்றேன். பத்திரம், வரைபடம், சபாபதி எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதே கிடையாது. லாரன்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு பேரை விட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் நட்டு, மண் தள்ளி மிதிக்கச் சொன்னான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினால் வழியில் ஒரு பெண் நிற்கிறாள்.

"அப்போ கோலு?" என்றாள்.

பதின்மூன்று வயது. பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகி, உள்ளே அண்ணனுடைய கால்சட்டை. பெயர் ஸ்டெல்லா, லாரன்ஸ் அணியின் கோல்கீப்பர்.

"செருப்பை வச்சிக்கோயேன்."

"செருப்புல பட்டா பந்து திரும்பாது சார். கல்லுல பட்டாத்தான் திரும்பும். கல்ல எடுத்துக்கினல்ல, நீ வந்து நில்லு."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. பதினைந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லைக் கேட்டதும் கொடுத்தவர்கள். சரி, சபாபதி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றேன். ஆட்டம் முடியும்வரை நிற்பதாக வாக்கும் கொடுத்தேன். முதலில் மூன்று கோல் போடுகிறவர்கள் ஜெயித்தவர்கள், அவ்வளவுதான். அப்போது ஆளுக்கு ஒன்று.

"ஆடாம நிக்கணும் சார்" என்றாள் ஸ்டெல்லா. "நீ கல்லு."

மணி 12.45. கல்லாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, எல்லாவற்றையும் பார்க்கலாம். பந்து தோல் பந்துதான், ஆனால் இரண்டு இடத்தில் செருப்புத் தைக்கிற நூலால் தைத்திருந்தது. ஒருவர் காலிலும் பூட்ஸ் கிடையாது. மாட்டு வண்டி வந்தால் அவரவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், வண்டி போனதும் தொடர வேண்டும். ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு இறங்கி, யாரையும் கேட்காமல் பந்தை ஒரு உதை உதைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவருக்கு மீசை நரைத்திருந்தது.

பந்து தூரத்தில் முள்ளில் மாட்டிய நேரத்தில் லாரன்ஸ் என் பக்கம் வந்தான். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஆறு மாதமாக அப்ரண்டிஸ் என்றான்.

"கிரிக்கெட் ஆடலாமே?" என்று கேட்டேன்.

"அதுல நம்ம முறை வர்ற வரைக்கும் சும்மா நிக்கணும் சார். இதுல எல்லாருக்கும் எப்பவும் முறைதான். கம்பெனி லைன்ல எட்டு மணி நேரம் ஒரே போல்ட்டு. எங்கேந்து வரும், எங்க போவும்னு தூங்கினே சொல்வேன். இந்தப் பந்து எந்தப் பக்கம் வரும்னு சாமிக்கே தெரியாது."

"அந்தப் பொண்ணை எப்படி கோல்ல விட்டீங்க?"

"பந்துக்குப் பயப்படாது. ஆனா பசங்க ஒத்துக்கல. என்னிக்குத் தோக்கறமோ அன்னியோட கீப்பர் மாறணும்னு பேசி வச்சிட்டாங்கோ. எட்டு வாரமாத் தோக்கல." சொல்லிவிட்டு ஓடினான்.

இதை ஸ்டெல்லாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளங்கையில் மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு பந்தையே பார்த்தாள்.

மணி 2.05. ஆளுக்கு இரண்டு கோல். அடுத்த கோல் போடுகிறவர்கள் ஜெயித்துவிடுவார்கள். ஆனால் போடுவதாக யாரையும் காணோம். கூட்டுரோட்டுக்கு நடக்கவே இருபத்தைந்து நிமிடம். சபாபதி காத்திருக்கிற ஜாதி இல்லை, அடுத்த பஸ்ஸில் திரும்பி விடுவார். என் கண்முன்னே குழாய் தெரிந்தது. கொடுத்த வாக்கையும் மீற முடியவில்லை.

அப்போது எதிரணியின் சிவப்புப் பனியன் பையன் பந்தை ஓங்கி அடித்தான். பந்து நேராக என் இடது காலைப் பார்த்து வந்தது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள், அது கல்லில் படும் என்று கணக்குப் போட்டு, திரும்பி வரும் பந்தைப் பிடிக்க நடுவில் நின்றாள். நான் காலை வெளிப்பக்கம் நகர்த்தினேன். ஒரு சாண் தூரம்தான். கால் இருந்த இடத்தின் வழியாகப் பந்து உள்ளே போனது.

பயந்து நகர்த்தினேன் என்று எழுதிவிடலாம், படிக்கிற நீங்களும் நம்பிவிடுவீர்கள். அப்படி இல்லை. ஆட்டம் முடியட்டும் என்றுதான் நகர்த்தினேன்.

சிவப்புப் பனியன்காரர்கள் குதித்தார்கள். ஸ்டெல்லா என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு கூட்டுரோட்டுக்கு ஓடாத குறையாக நடந்தேன்.

மணி 3.15. சபாபதியோடு திரும்பி வந்தேன். அவர் சொந்தமாக அளவு நாடா கொண்டுவந்திருந்தார். நாலு கல்லையும் தொட்டுப் பார்த்து, நாலு பக்கமும் அளந்து, "சரியா இருக்கு. வெள்ளிக்கெழமை வாங்க, பேசி முடிச்சிரலாம்" என்றார். இதைக் கேட்கத்தான் காலையில் கிளம்பினேன்.

சாலையில் அடுத்த ஆட்டத்துக்கு அணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கோலுக்குச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். கோலில் வேறு ஒரு பையன் நின்றான். நாங்கள் அளந்து நகர்ந்த பிறகு ஸ்டெல்லா என் நான்காவது கல்லின் மேல் வந்து உட்கார்ந்து, செருகியிருந்த பாவாடையை இறக்கிவிட்டு மடிப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பிப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து கல்லை விட்டுக் கொடுத்தாள். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஆட்டம் தொடங்கிவிட்டால் பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"லாரன்ஸ், கொஞ்சம் நில்லுப்பா" என்றேன். "அந்தக் கோல் செல்லாது. பந்து என் மேல பட்டிருக்கணும். நான் காலை நகர்த்திட்டேன்."

"தெரியாமயா, தெரிஞ்சா?" என்றான் சிவப்புப் பனியன்.

"தெரிஞ்சுதான்."

"பெரிய மனுசன் இன்னா சார் இப்டி பண்ணிக்கினு?" அவன் கேட்டதில் தப்பே இல்லை. காது வரை எனக்குச் சுட்டது. முப்பத்தெட்டு வயதில் அப்படி வெட்கப்பட்டதாக நினைவில்லை.

தீர்ப்பு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. போஸ்ட் நகர்ந்தால் கோல் இல்லை. அதே பந்து, அதே இடம், அதே பையன் மறுபடி அடிக்க வேண்டும். அதே போஸ்ட் நிற்க வேண்டும். ஸ்டெல்லா அதற்குள் பாவாடையைச் செருகிவிட்டாள்.

சபாபதி அளவு நாடாவைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். "புள்ளைங்க வெளையாட்டுல கைய வைக்கிற ஆளு பத்திரத்துல வைக்க எவ்ளோ நேரம் ஆவும்? எனக்கு இந்த மனை வேணாங்க" என்றார். நான் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தன் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை, ஏனென்றால் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

போய் நின்றேன். சிவப்புப் பனியன் நாலடி பின்வாங்கி ஓடிவந்து அடித்தான். பந்தை அடித்தானா என்னை அடித்தானா என்று சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. நான் ஆடவில்லை. திரும்பிய பந்தை அவனே வலது மூலைக்கு மறுபடி அடித்தான். ஸ்டெல்லா செம்மண்ணில் நீளமாக விழுந்து அதைப் பிடித்தாள். விழுந்த வேகத்தில் எழுந்து, சாலையின் பாதி தூரத்துக்கு வீசினாள். லாரன்ஸ் வாங்கிக்கொண்டு ஓடினான். எதிர்க் கோடியில் கூச்சல் எழுந்தபோதுதான் மூன்றாவது கோல் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என் காலைக் குனிந்து பார்த்தாள். "வீங்கிக்கினு வருது சார். ஆனா இந்த வாட்டி நல்லா நின்ன."

மணி 4.30. புளிச்சோற்றை இரண்டு அணியும் சேர்ந்து காலி செய்தன. எனக்கு இரண்டு வாய் கிடைத்தது. லாரன்ஸ் யாருடைய சைக்கிளையோ வாங்கி, என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டுரோடு வரை மிதித்தான். பஸ்ஸில் காலையில் பார்த்த அதே நடத்துநர்தான்.

"கால்ல இன்னா சார்?"

"பந்து போஸ்ட்ல பட்டுது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பெரம்பூரில் எங்கள் தெருவிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஐந்து வருடமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்துகிறேன். அவர்களில் ஒருவன் பெயர்கூட எனக்குத் தெரியாது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா கேட்டாள், "முடிஞ்சுதா?" இல்லை என்றேன். கல், கால், சபாபதி, ஒன்று விடாமல் சொன்னேன். காலை நகர்த்தியது தெரிந்தேதான் என்பதையும் சொன்னேன். அவள் மஞ்சளை அரைத்துச் சூடு பண்ணிக்கொண்டு வந்து வீக்கத்தில் பற்றுப் போட்டாள், கொஞ்சம் அழுத்தியே போட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு இப்ப கோல்ல நிக்குதா?"

"நிக்குது."

"சரி" என்றாள். "காலையில நீங்க குடத்தைத் தூக்கிட்டுப் போங்க. உங்களுக்குத்தான் நிக்கத் தெரியுமே."